எழுத்தும் சொல்லும் இறாலும்

எழுத்து, சொல், பொருள் என்னும் முறைவைப்புத் தமிழ் கற்போர்க்குப் புதியதன்று. தொல்காப்பியம் அம்முறையிலேயே மூன்று அதிகாரங்களாக அமைந்திருக்கிறது. எழுத்துகள் கூடிச் சொல்லாகின்றன. சொற்கள் தொடர்ந்து பொருள் தருகின்றன. இதனை ஒத்த ஓர் ஏற்பாடு நம் உடலின் உயிரணுக்களிலும், நாம் உண்ணும் மீனிலும், வேலியோரப் புல்லிலும் இடையறாது நடைபெற்று வருகிறது என்பதை அறிவியலார் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டறிந்தனர். எழுத்துகள் நான்கே; மூன்றெழுத்துச் சொற்கள் 64; அவற்றால் விளையும் பொருள் புரதம்.

தமிழ்த்துறை மலரில் உயிரியலுக்கு என்ன வேலை என்று ஆன்றோர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. நாம் பிறந்து வளர்ந்த ஊர் எளாவூர். கும்மிடிப்பூண்டியைக் கடந்து ஆந்திர எல்லையை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த சிற்றூர் அது. அதன் கிழக்கே, சுண்ணாம்புக்குளம் முதலிய ஊர்களுக்கு அப்பால், பழவேற்காட்டு ஏரி விரிந்து கிடக்கிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. அவ்வேரியை நம்பி வாழும் மக்கள், தம் வாழ்வைத் தாக்கிய ஒன்றுக்குத் தம் மொழியில் பெயர் தெரியாமல் தவித்ததை நாம் கண்ணாரக் கண்டோம். அந்தத் தவிப்பே இக்கட்டுரையின் தோற்றுவாய்.

நான்கு எழுத்துகள்

ஒவ்வோர் உயிரணுவின் உள்ளும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் அதன் இரட்டைச் சுருள் அமைப்பை விளக்கினர். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்களே அவ்விழையில் மாறி மாறி வருகின்றன. அடினினுக்கு எதிரே தைமினும், குவானினுக்கு எதிரே சைட்டோசினும் இணையாக நிற்கும். இந்நான்கையும் எழுத்துகளாகக் கொண்டால், டி.என்.ஏ. என்பது உயிரணுவின் மூலச்சுவடி எனலாம்.

மூலச்சுவடியை எவரும் சந்தைக்கு எடுத்துச் செல்வதில்லை. அது கருவறைக்குள், அதாவது உயிரணுவின் உட்கருவில், பாதுகாப்பாக இருக்கிறது. எந்தப் புரதம் வேண்டுமோ அதற்குரிய பகுதி மட்டும் படியெடுக்கப்படுகிறது. அப்படியின் பெயர் தூது ஆர்.என்.ஏ. படியில் ஒரேயொரு மாற்றம் உண்டு: தைமின் வரவேண்டிய இடங்களில் யுராசில் வருகிறது. பாடம் மாறுவதில்லை, வரிவடிவமே சற்று மாறுகிறது.

இதற்கு நம் சமுதாயத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளை இட்டுக்கொண்டனர். அரபுத்தமிழ் நூலைப் பிறர் படிக்கக் கேட்டால் அது தமிழே. கண்ணால் பார்த்தால் அரபு. டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ.க்குச் செல்லும் பயணமும் அத்தகைய எழுத்துப்பெயர்ப்பே. மொழிபெயர்ப்பு இனிமேல்தான் வருகிறது.

துபாஷியின் தொழில்

புரதங்கள் அமினோ அமிலங்களால் ஆனவை. உயிரணு பயன்படுத்தும் அமினோ அமிலங்கள் 20. எழுத்துகளோ நான்கு. ஓரெழுத்து ஓர் அமிலத்தைச் சுட்டுமாயின் நான்கைத்தான் சுட்ட முடியும். ஈரெழுத்துச் சேர்க்கையாயின் 16. மூன்றெழுத்தாயின் 64. ஆகவே மூன்றெழுத்தே சொல்லாதல் வேண்டும் என்று அறிவியலார் முதலில் கணக்கால் உய்த்துணர்ந்தனர். பின்னர்ச் சோதனையால் நிறுவினர்.

1961-இல் மார்ஷல் நிரென்பர்க், ஹைன்ரிக் மத்தாய் ஆகிய இருவரும் யுராசில் மட்டுமே தொடர்ந்து வரும் செயற்கை ஆர்.என்.ஏ.யை உயிரணுச் சாற்றில் இட்டனர். பினைல்அலனின் என்னும் ஒரே அமிலத்தாலான சங்கிலி கிடைத்தது. மூன்று யுராசில் கூடினால் பினைல்அலனின் என்பது அகராதியின் முதற்சொல்லாயிற்று. அந்த அகராதியை நிறைவு செய்தோருள் தலையாயவர் ஹர் கோவிந்த் குரானா. இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாபுச் சிற்றூரான ராய்ப்பூரில் 1922-இல் பிறந்தவர். தந்தையார் கிராமக் கணக்கர். குரானா, எழுத்துகளைத் தாம் விரும்பிய வரிசையில் கோத்து ஆர்.என்.ஏ.யைச் செய்தார். யுராசிலும் சைட்டோசினும் மாறி மாறி வரும் இழையைச் செய்தபோது, செரீனும் லூசினும் மாறி மாறி வரும் சங்கிலி பிறந்தது. 1966-க்குள் அகராதி முற்றுப்பெற்றது. 1968-இல் நிரென்பர்க், குரானா, ராபர்ட் ஹாலி மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அந்த அகராதியின்படி 64 சொற்களுள் 61 அமினோ அமிலங்களைச் சுட்டுகின்றன. எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகள். லூசினுக்கு ஆறு சொற்கள் உண்டு, டிரிப்டோபனுக்கு ஒன்றே. ஒருபொருட் பன்மொழி நம் நிகண்டுகளுக்கு மட்டும் உரியதன்று போலும்!

ஆர்.என்.ஏ. எழுத்துக்கும் அமினோ அமிலத்துக்கும் வடிவத்தால் யாதொரு தொடர்பும் இல்லை. இரண்டையும் அறிந்த ஓர் இடையாள் வேண்டும். பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிச் சோழமண்டலக் கரையின் வாணிகத்தை அங்கிருந்து நடத்தியபோது, நெசவாளரின் மொழி அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்களின் மொழி நெசவாளருக்கு விளங்கவில்லை. அத்தகைய இடங்களில் இருமொழி அறிந்த துபாஷிகள் நடுவில் நின்றனர். உயிரணுவின் துபாஷிக்கு இடமாற்று ஆர்.என்.ஏ. என்று பெயர். அதன் ஒரு முனை தூது ஆர்.என்.ஏ.யின் மூன்றெழுத்துச் சொல்லோடு பொருந்தும். மறுமுனை அச்சொல்லுக்குரிய அமினோ அமிலத்தைச் சுமந்திருக்கும். எந்தத் துபாஷி எந்தச் சுமையைத் தூக்கவேண்டும் என்பதைச் சரிபார்த்து ஏற்றிவிடும் நொதிகள் தனியே உண்டு. அந்நொதிகள் பிழை செய்தால் மொழிபெயர்ப்பே பிழையாகும்.

மொழிபெயர்ப்பு நடைபெறும் இடம் ரைபோசோம். இது இரு பகுதிகளால் ஆனது. சிறுபகுதி சொல்லைப் படிக்கிறது. பெரும்பகுதி அமிலங்களை ஒன்றோடொன்று கோக்கிறது. பாக்டீரியாவின் ரைபோசோம் ஒரு நொடியில் ஏறத்தாழ 20 அமிலங்களைக் கோத்துவிடும். சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், சிறுபகுதியின் அணுவமைப்பை 2000-இல் தம் குழுவினரோடு வெளியிட்டார். துபாஷி சரியான சொல்லோடு பொருந்தியதா என்பதை ரைபோசோம் எவ்வாறு சோதிக்கிறது என்பதும், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமில் எவ்விடத்தில் போய் அமர்ந்து அதனை முடக்குகின்றன என்பதும் அதனால் தெளிவாயின. 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருந்து ரைபோசோமில் அமர்கிறது என்னும் இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறோம். எளாவூர்க் கரையில் அது நமக்குத் தேவைப்படும்.

கோக்கப்பட்ட சங்கிலி அப்படியே கிடப்பதில்லை; மடிந்து தனக்குரிய வடிவத்தை அடைகிறது. எந்தெந்தக் கோணங்களில் அது மடிய இயலும் என்பதை 1963-இல் வரைபடமாக்கிக் காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன். அவர் பெயராலேயே அவ்வரைபடம் உலகெங்கும் வழங்குகிறது. அதற்கு முன்பே, 1954-55-இல், கொல்லாஜன் என்னும் புரதத்தின் மும்முறுக்கு அமைப்பை அவரும் கோபிநாத் கர்த்தாவும் வெளியிட்டிருந்தனர். தோல் பதனிடும் ஊர்களிலிருந்து வரும் நம் மாணவர்கள் அறிந்துகொள்ளட்டும்: நீங்கள் நாள்தோறும் காணும் தோலின் வலிமை கொல்லாஜனின் வலிமையே. அதன் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் வருகிறது. இத்தகைய ஒழுங்கு யாப்பில் தோய்ந்தோர்க்கு வியப்பளிக்காது.

ஓரெழுத்தின் விலை

உயிரணு தன் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. ஓலைச்சுவடியும் அப்படித்தான். 'கடல்படகுமணல்நண்டு' என்று தொடர்ந்து எழுதி, மும்மூன்றாகப் பிரித்துப் படிக்க வேண்டும் என்பது விதி. இரண்டாம் எழுத்தாகிய டகரம் உதிர்ந்துவிட்டால், 'கல்ப', 'டகும', 'ணல்ந' என்று எல்லாம் குலைந்துபோகும். உயிரணுவிலும் ஓரெழுத்து உதிர்ந்தால் அதன் பின்வரும் பாடம் முழுவதும் பிறழ்ந்துவிடும்.

உதிராமல் மாறினாலோ, சில வேளை பொருள் மாறாது. சில வேளை அடியோடு மாறும். 'கடல்' என்பதில் ஈற்றெழுத்து மாறினால் 'கடன்' ஆகிவிடுகிறதன்றோ? குருதியின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில், ஆறாவது சொல்லில் ஓரெழுத்து மாறுவதால் குளுட்டமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் வந்தமர்கிறது. அதனால் அணுக்கள் அரிவாள் வடிவம் கொள்கின்றன. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இத்தன்மை இருப்பது 1952-இலேயே அறியப்பட்டது. மலைவாழ் குழந்தையின் எலும்பு வலிக்கும் ஓரெழுத்துக்கும் உள்ள தொடர்பு இத்துணை நேரடியானது.

ஏரியும் குளமும்

இனி எளாவூருக்கு வருவோம். வெள்ளை இறால் கடலில் பிறக்கிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் நுழைந்து, வளர்ந்து, மீண்டும் கடலுக்கே திரும்புகின்றன. மழைக்காலத்தில் ஆரணியாற்று நீர் கலந்து ஏரியின் உப்பு குறையும். கோடையில் உப்பு ஏறும். இம்மாற்றத்தை இறால் எவ்வாறு தாங்குகிறது? அதன் செவுள் உயிரணுக்கள், உப்பை உள்ளும் புறமும் செலுத்தும் இறைப்பான் புரதங்களைத் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் செய்துகொள்கின்றன. மூலச்சுவடி ஒன்றே, எந்த ஏட்டை எப்போது படியெடுப்பது என்பதே பிழைக்கும் வழி. ஏரி மீனவர்களிடமும் அத்தகைய ஒழுங்கு ஒன்று உண்டு. அதனைப் 'பாடு' என்பர். எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை இடுவது என்று முறைவைத்து ஏரியைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அது.

1990-களின் தொடக்கத்தில் இறால் குளங்கள் வந்தன. வயலாக இருந்த நிலங்கள் குளங்களாயின. நம் சின்னத்தாவும் பங்காளி ஒருவரோடு சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். முதல் அறுவடை நன்றாக இருந்தது. வீட்டுக்குக் காரை பூசினார். மகளுக்கு நகை செய்தார். 1995-இல் இரண்டாம் முறை குஞ்சு விட்டு எழுபது நாள் சென்றிருக்கும். இறால் தீவனம் எடுக்கவில்லை. குளத்தின் நடுவே இருக்கவேண்டியது கரையோரமாக வந்து ஒதுங்கிற்று. எடுத்துப் பார்த்தால், ஓட்டின் மேல் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல் வெண்புள்ளிகள். ஐந்தாறு நாள்களில் குளம் முழுவதும் செத்து மிதந்தது. காகமும் கொக்கும் வந்து குழுமின.

இடையில் மருந்துக்கடைக்காரர் ஒருவர், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளை மூட்டையாக விற்றார். தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். மகளுக்குச் செய்த நகை அம்மருந்துக்குப் போயிற்று. பயன் இல்லை. அடுத்த குளத்துக்காரர் நோய்கண்ட நீரைப் பொதுக் கால்வாயில் திறந்துவிட்டதே காரணம் என்றார் சின்னத்தா. சின்னத்தா வாங்கிய குஞ்சிலேயே நோய் வந்தது என்றார் அவர். கண்ணேறு என்றனர் வீட்டுப் பெண்கள். இரு குடும்பங்களும் பேச்சை நிறுத்தின. பாட்டு முறையில் தலைமுறையாக வலை போட்டுவந்த மீனவப் பெரியவர் ஒருவர் அக்காலத்தில் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "பாய், ஏரி இறாலுக்கு வராத சீக்கு குளத்து இறாலுக்கு மட்டும் எப்படி வருது? பூச்சின்னா மருந்துல சாவணும். சாவலன்னா இது என்னது?" என்று கேட்டார். அங்கிருந்த எவரிடமும் அதற்கு விடை இல்லை.

விடை இதுதான். அந்நோய் வெண்புள்ளி நோய். சீனா, தைவான் பகுதிகளில் 1992-93 அளவில் தோன்றி, 1994-இல் இந்தியாவை எட்டியது. நோயைத் தருவது ஒரு நச்சுயிரி. அதனிடம் இருப்பது சற்றேறக்குறைய மூன்று இலட்சம் எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. சுவடி ஒன்றும் அதைச் சுற்றிய உறையும் மட்டுமே. ரைபோசோம் இல்லை, துபாஷி இல்லை. தனக்கென ஒரு புரதத்தைக்கூடச் செய்துகொள்ள அதற்கு இயலாது. ஆகவே அது இறாலின் உயிரணுவுக்குள் புகுந்து, தன் சுவடியை அங்கே வைத்துவிடுகிறது. எழுத்து ஒன்று, அகராதி ஒன்று என்பதால், இறாலின் ரைபோசோம் வேற்றார் சுவடி என்றறியாமல் அதனைப் படித்து நச்சுயிரியின் புரதங்களைச் செய்து குவிக்கிறது. இறுதியில் உயிரணு மடிகிறது.

நச்சுயிரியின் உறையில் வி.பி. 28 என்றொரு புரதம் உண்டு. இறாலின் உயிரணுவோடு ஒட்டி உட்புகுவதில் அதற்குப் பங்குண்டு. அதன் மரபணு 615 எழுத்துகள். மூன்றால் வகுத்தால் 205 சொற்கள். ஈற்றுச்சொல் முற்றுப்புள்ளி. எஞ்சுவது 204 அமினோ அமிலங்கள். நம் பகுதியின் இறால் குளங்களை மூடவைத்த புரதங்களுள் ஒன்றின் கணக்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் வகுத்தல் கணக்கே.

மருந்து ஏன் பலிக்கவில்லை என்பதும் இப்போது விளங்கும். டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால், எரித்ரோமைசின் முதலிய மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் அமர்ந்து அதை முடக்குபவை. சொந்த ரைபோசோமே இல்லாத நச்சுயிரியை அவை எங்கே சென்று தாக்கும்? அம்மூட்டைகள் குளத்து நீரைக் கெடுத்தன. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகவும் வழி செய்தன. குளோராம்பெனிகால் இன்று இறால் வளர்ப்பில் தடைசெய்யப்பட்ட மருந்து.

பெரியவரின் முதல் வினாவுக்கும் விடை உண்டு. ஏரியின் நண்டும் இறாலும்கூட இந்நச்சுயிரியைச் சுமக்கக்கூடும். ஆனால் நெருக்கமின்றி வாழும் இடத்தில் அது கொள்ளைநோயாக மூள்வது அரிது. குளத்தில் இலட்சக்கணக்கான இறால்கள் நெருங்கி வாழ்கின்றன. ஒன்று செத்தால் மற்றொன்று அதைத் தின்கிறது. கால்வாய் நீர், நோய் சுமந்த குஞ்சு, கரையேறி வரும் நண்டு ஆகிய எல்லா வழிகளிலும் நோய் வரலாம். சின்னத்தா சொன்னதும் நடந்திருக்கலாம். அடுத்த குளத்துக்காரர் சொன்னதும் நடந்திருக்கலாம்.

1996 டிசம்பர் 11 அன்று, சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் குளங்கள் அமைக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. சின்னத்தா அதற்கு முன்பே குளத்தைக் கைவிட்டிருந்தார். பல்லாண்டுகள் கழித்து, விலங்கியல் பயின்ற அவருடைய பேத்தி, மேலே நாம் எழுதியவற்றை எளிய தமிழில் அவருக்கு எடுத்துரைத்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த மருந்து வாங்கியிருக்க வேண்டாம்ல?" என்று மட்டும் கேட்டார். பின்னர் நெடுநேரம் பேசவில்லை. அடுத்த நோன்புப் பெருநாளில் அடுத்த குளத்துக்காரர் வீட்டுக்கு அவரே நடந்து சென்றார். கடன் அதனால் அடையவில்லை. பகை மட்டும் அடங்கிற்று.

நம் கடமை

இத்துறையில் நம் சகோதரக் கல்லூரி ஒன்றின் பணியைக் குறிப்பிடாமல் செல்லலாகாது. மேல்விசாரத்தில் 1965-இல் தொடங்கப்பட்ட சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியின் விலங்கியல் துறையில், முனைவர் ஏ.எஸ். சாகுல் ஹமீதும் அவர்தம் மாணவர்களும் வெண்புள்ளி நச்சுயிரியையும், நன்னீர் இறால் குஞ்சுகளைக் கொல்லும் வெண்வால் நோயையும் ஆராய்ந்தனர். கொடுவா மீனின் உயிரணுக்களைக் குடுவையில் தொடர்ந்து வளர்க்கும் முறைகளையும் உருவாக்கினர். வெண்வால் நோய்க்கு உலக விலங்கு நல அமைப்பின் மேற்கோள் ஆய்வகமாக அவ்வாய்வகம் ஏற்கப்பெற்றது. வெண்வால் நோயின் நச்சுயிரி ஆர்.என்.ஏ.யையே சுவடியாகக் கொண்டது. படியெடுக்கும் வேலைகூட அதற்கு வேண்டா. நேரே ரைபோசோமில் போய் அமர்ந்துவிடும். ஒரு சிற்றூர்க் கல்லூரியில் இருந்துகொண்டே உலகுக்கு விடை சொல்ல இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அதே அகராதி நமக்கு நன்மையும் செய்கிறது. மனித இன்சுலினின் 51 அமினோ அமிலங்களுக்குரிய எழுத்துகளைப் பாக்டீரியாவில் வைத்தால், பாக்டீரியா மனித இன்சுலினையே செய்து தருகிறது. 1982 முதல் அது மருந்தாகப் பயன்படுகிறது. கொரோனாக் காலத்தில், 2020-இன் இறுதியில் வந்த தடுப்பூசிகளுள் சில, தூது ஆர்.என்.ஏ.யையே ஊசியில் ஏற்றி நம் ரைபோசோம்களைக் கொண்டு நச்சுயிரியின் ஒரு புரதத்தை மட்டும் செய்வித்து, உடலுக்கு முன்னறிவிப்புத் தந்தன. நச்சுயிரி செய்த தந்திரத்தையே மனிதன் மருந்தாக்கினான்.

மாணவச் செல்வங்களே! ஆய்வகத்தார் தம் கடமையைச் செய்திருக்கின்றனர். அவர்கள் கண்டதை ஏரிக்கரை வரை கொண்டு செல்லும் துபாஷிகள் வேண்டும். அது தமிழ் கற்றோர் தொழில். கடினமான கலைச்சொல்லை ஆக்கி அகராதியில் பூட்டி வைப்பதால் பயனில்லை. குளத்துக்கரையில் நிற்பவர் செவியில் விழவேண்டும். இன்று இறால் வளர்ப்போர், குஞ்சு வாங்கும் முன்பே நச்சுயிரியின் எழுத்துகள் அதில் உள்ளனவா என்று பி.சி.ஆர். சோதனையால் அறிய முடியும். அச்சோதனை என்ன செய்கிறது, அதன் முடிவை எவ்வாறு படிப்பது என்பதைச் சொல்லும் இரண்டு பக்கத் தமிழ்ச் சிற்றேட்டை நம் துறை மாணவர்கள், விலங்கியல் துறையாரோடு சேர்ந்து இவ்வாண்டே எழுதலாம். அதில் ஐந்து தொடர்கள் இருந்தாலே போதும்: நச்சுயிரிக்குச் சொந்த ரைபோசோம் இல்லை. ஆகவே பாக்டீரியா மருந்து அதைத் தொடாது. வந்த நோய்க்கு மருந்தில்லை. குஞ்சைச் சோதித்தும் நீரைக் காத்தும் வராமல் தடுக்க வழியுண்டு. நோய்கண்ட குளத்தின் நீரை அண்டையார் கால்வாயில் திறவாதீர்.

இவ்வைந்து தொடர்களும் எளாவூரில் ஒரு வீட்டின் நகையைக் காத்தாலும், இரு வீடுகளின் உறவைக் காத்தாலும், நாம் தமிழ் கற்றதற்குப் பொருள் உண்டு.